பொத்தானும் நீதியும்: தன்னார்வ இணையச் சமூகங்களில் தீர்ப்பளிக்கும் உரிமையின் வரலாறு

விக்கிப்பீடியாவை மேற்கோளாகக் காட்டக் கூடாது என்று முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுகிறோம். அறிவுரை சரியானதே. ஆனால் அத்தோடு நின்றுவிடுவதால் ஒன்றை இழக்கிறோம். அங்குள்ள ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஓர் உரையாடல் பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு திருத்தத்திற்கும் நாளும் நேரமும் குறித்த பதிவு இருக்கிறது. ஊதியம் பெறாத, ஒருவரையொருவர் நேரில் காணாத, பெரும்பாலும் புனைபெயரில் இயங்குகிற மனிதர்கள் எதற்காகச் சண்டையிட்டார்கள், சண்டையை எப்படி நிறுத்தினார்கள், நிறுத்துவதற்கான விதிகளை எவர் எழுதினார்கள் என்பதற்கு இத்தனை விரிவான ஆவணத்தை வேறெந்தத் தன்னார்வ அமைப்பும் பொதுவில் வைத்திருப்பதாக நான் அறியேன். அந்த ஆவணத்தை வரலாற்று மாணவரின் கண்ணோடு வாசித்தால் என்ன கிடைக்கும் என்பதே இப்பதிவு. சற்று நீளமானது, பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

ஒரு சங்கத்திலிருந்தோ கூட்டுறவு அமைப்பிலிருந்தோ ஓர் உறுப்பினரை விலக்க வேண்டுமானால் முதலில் விதி வேண்டும். விதியிலிருந்தே விலக்கும் அதிகாரம் பிறக்கிறது. இணையச் சமூகத்தில் இவ்வரிசை தலைகீழாக அமைந்துவிடுகிறது. வழங்கிக் கணினியின் கடவுச்சொல் எவரிடம் இருக்கிறதோ, அவரால் எந்தப் பயனரையும் ஒரு நொடியில் இல்லாமல் ஆக்கிவிட முடியும். அதற்கு எந்த விதியும் தேவையில்லை. அதிகாரம் முதல் நாளிலேயே முழுமையாக வந்துவிடுகிறது. அதற்கான நியாயத்தைத்தான் பின்னர் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே இத்தகைய சமூகங்களின் அரசியல் வரலாறு, பொத்தானைக் கையில் வைத்திருந்தவர்கள் தம் கையைத் தாமே கட்டிக்கொள்ள முயன்ற வரலாறு என்பது என் வாதம். அம்முயற்சி எங்கே வென்றது, அந்த வெற்றிக்கு விலை கொடுத்தவர் யார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

முதல் நிகழ்வு, வலைத்தளங்கள் பரவுவதற்கு முந்தியது. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய பாவெல் கர்டிஸ், 1990ஆம் ஆண்டு லாம்டாமூ என்னும் எழுத்துவழி உலகை நிறுவினார். படம் கிடையாது, ஒலி கிடையாது. சொற்களால் கட்டப்பட்ட ஒரு பெரிய வீடு, அதன் அறைகளில் உலவும் பயனர்கள், அவ்வளவுதான். நிரலை மாற்றவும் பயனரை நீக்கவும் வல்லவர்களை அங்கே 'மந்திரவாதிகள்' என்று அழைத்தனர். பயனர் பெருகவே வழக்குகளும் பெருகின. எல்லாப் பிணக்கும் மந்திரவாதிகளின் வாசலுக்கே வந்து நின்றது. சலிப்புற்ற கர்டிஸ் 1992 டிசம்பரில் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். இனி மந்திரவாதிகள் தொழில்நுட்பப் பணியை மட்டும் செய்வார்கள். சமூகம் தொடர்பான முடிவுகளைச் சமூகமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம்.

சோதனை வருவதற்கு அதிக நாள் ஆகவில்லை. 1993ஆம் ஆண்டு ஒரு பயனர், பிறருடைய பாத்திரங்களை அவர்களின் விருப்பத்திற்கு மாறாக இயக்குகிற நிரல் ஒன்றைக் கொண்டு, பலரும் கூடியிருந்த அறையில் அவர்கள்மீது பாலியல் வன்முறையைச் சொற்களால் நிகழ்த்தினார். பாதிக்கப்பட்டோர் அவரை நீக்கக் கோரினர். கூட்டம் கூடியது, நெடுநேரம் விவாதித்தது, முடிவின்றிக் கலைந்தது. முடிவெடுப்பதற்கான முறை என்று எதுவுமே இல்லாத இடத்தில் முடிவு எப்படி வரும்? கூட்டம் கலைந்தபின் மந்திரவாதி ஒருவர் தனியே சிந்தித்து, தாமாகவே அந்தப் பாத்திரத்தை அழித்துவிட்டார். ஜூலியன் டிபெல் அதே ஆண்டு டிசம்பரில் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையால் இந்நிகழ்வு கல்விப்புல விவாதத்திற்குள் வந்தது.

தண்டனை நியாயமானது என்றே பலரும் கருதினர். ஆனால் அது வழங்கப்பட்ட முறை, கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்ட பழைய முறையேதான். இதை உணர்ந்த கர்டிஸ், பயனர்கள் மனு எழுதி, ஒப்பம் திரட்டி, வாக்கெடுப்புக்கு விட்டு மந்திரவாதிகளைக் கட்டுப்படுத்தும் ஓர் ஏற்பாட்டை உருவாக்கினார். அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை. தொழில்நுட்ப முடிவுகளையும் சமூக முடிவுகளையும் பிரித்து வைக்க இயலவில்லை என்று ஒப்புக்கொண்டு, 1996இல் மந்திரவாதிகள் மீண்டும் சமூக விவகாரங்களுக்குள் வந்தனர். அதிகாரம் உள்ளவர் வெறுமனே விலகிக்கொள்வதால் தன்னாட்சி பிறந்துவிடாது. அவர் விட்டுச்செல்லும் வெற்றிடத்தில் முறை ஒன்று இல்லையெனில், அவசர வேளையில் அதே கைதான் மீண்டும் நீளும்.

இந்தப் பின்னணியோடு ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு வருவோம். அதற்கு முன்னோடியான நியூப்பீடியா 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அறிஞர்களின் ஏழு படிநிலை மதிப்பாய்வைக் கடந்த பின்னரே அங்கே ஒரு கட்டுரை வெளிவரும். ஆதலால் மிகச் சில கட்டுரைகளே வெளிவந்தன. அதற்குத் துணையாக 2001 ஜனவரி 15 அன்று திறக்கப்பட்ட விக்கிப்பீடியாவில் எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். விதிகள் ஒருவரைத் தயங்கவோ சோர்வுறவோ செய்யுமானால் அவற்றைப் பொருட்படுத்தாமல் எழுதலாம் என்பது அங்கு முன்மொழியப்பட்ட தொடக்க கால விதிகளுள் ஒன்று. அதை முன்மொழிந்தவர் லாரி சாங்கர். மதிப்பாய்வின் சுமையை நியூப்பீடியாவில் கண்ட அவரே இதை எழுதினார் என்பது கருதத்தக்கது. சாங்கர் 2002இல் விலகிய பின்னர், பயனர் ஒருவரைத் தடை செய்வதா வேண்டாமா என்னும் கடைசி முடிவு ஜிம்மி வேல்சின் கையில் நின்றது. சிறு குழுவாக இருந்தவரை அது ஓடியது. வழக்குகள் பெருகியபோது, பத்தாண்டுகளுக்கு முன் கர்டிஸ் நின்ற இடத்தில் வேல்சும் நின்றார்.

ஆனால் அவர் செய்தது வேறு. 2003 டிசம்பரில், சமரசம் பேசுவதற்கு ஒரு குழுவையும் தீர்ப்பளிப்பதற்கு ஒரு நடுவர் குழுவையும் அறிவித்தார். நடுவர் குழுவின் முதல் உறுப்பினர்களை அவரே நியமித்தார். 2004இலேயே தேர்தல் வழி உறுப்பினர்கள் வரத் தொடங்கினர். பின்னர் ஆண்டுதோறும் தேர்தல் நடப்பது வழக்கமாயிற்று. வேல்ஸ் தம் அதிகாரத்தைத் துறந்துவிட்டு ஒதுங்கவில்லை. அதை ஏற்றுக்கொள்ள ஓர் அமைப்பை முதலில் உருவாக்கி, அதனிடம் படிப்படியாக ஒப்படைத்தார். லாம்டாமூவுக்கும் விக்கிப்பீடியாவுக்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது.

நடுவர் குழு தனக்கு விதித்துக்கொண்ட எல்லை இன்னும் முக்கியமானது. ஒரு கட்டுரையில் எது சரி, எது தவறு என்று அது தீர்ப்பளிப்பதில்லை. பங்கேற்றவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை மட்டுமே விசாரிக்கிறது. உள்ளடக்கம் வேறு, நடத்தை வேறு என்னும் இப்பிரிவினையே அந்தச் சமூகத்தின் அடித்தளம் என்று சொல்லலாம். 2004 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மூன்று மீளமைப்பு விதி இதற்குத் தெளிவான சான்று. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்திற்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் திருத்தத்தை மீளமைப்பவர் தடைக்கு உள்ளாவார். அவர் கூறியது உண்மையா என்று அவ்விதி கேட்பதில்லை. உண்மையைச் சொன்னவரும் நான்காவது முறை மீளமைத்தால் குற்றவாளியே. சட்ட அறிஞர்கள் டேவிட் ஹாஃப்மனும் சலில் மேஹ்ராவும் நடுவர் குழுவின் தீர்ப்புகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட கட்டுரையும், குழு உள்ளடக்கத்தை ஒதுக்கிவிட்டு நடத்தையையே எடைபோடுகிறது என்னும் முடிவுக்கு வந்தது.

பொதுவளங்களைப் பற்றிய எலினோர் ஆஸ்ட்ரமின் ஆய்வு இங்கே துணைக்கு வருகிறது. 1990இல் வெளிவந்த அவருடைய நூல், பாசனக் கால்வாய், மேய்ச்சல் நிலம், மீன்வளம் ஆகியவற்றை அரசும் சந்தையும் இன்றி நெடுங்காலம் பேணிய சமூகங்களை ஒப்பிட்டது. நிலைத்து நின்றவற்றில் சில பொதுக்கூறுகளை அவர் கண்டார். தண்டனை சிறிதிலிருந்து படிப்படியாகக் கூடும். பிணக்கைத் தீர்க்கும் களம் அருகிலும் செலவின்றியும் கிடைக்கும். விதிக்கு உட்படுவோரே விதியை மாற்றுவதில் பங்கு கொள்வர். தமக்கான விதியைத் தாமே வகுக்கும் அவர்களுடைய உரிமையை வெளி அதிகாரம் மதிக்கும். ஸ்பெயினின் வலென்சியா நகரில் வியாழக்கிழமைதோறும் பேராலய வாயிலில் கூடும் நீர் நடுவர் மன்றம் அவர் எடுத்துக்காட்டியவற்றுள் ஒன்று. எச்சரிக்கை, ஒரு நாள் தடை, சில நாள் தடை, காலவரையற்ற தடை என ஏறிச்செல்லும் விக்கிப்பீடியாவின் படிகள் அந்த முதற்கூறை நினைவூட்டுவதில் வியப்பில்லை. தண்ணீரைப் போலவே அங்கும் பங்கிட வேண்டிய பொருள் ஒன்று உண்டு: ஒரே பெயரில் ஒரே கட்டுரை.

அந்த ஒற்றைக் கட்டுரையின் பெயரைப் பற்றியே பெரும்போர்கள் நடந்தன. போலந்தின் துறைமுக நகரைக் குதான்ஸ்க் என்பதா, ஜெர்மானிய வழக்கில் டான்சிக் என்பதா என்னும் பிணக்கு 2005இல் வாக்கெடுப்பில் முடிந்தது. 1308 முதல் 1945 வரையிலான காலத்தைக் குறிக்கும்போது டான்சிக், அதற்கு முன்னும் பின்னும் குதான்ஸ்க் என்று காலத்தையே பங்கு பிரித்தனர். எத்தரப்புக்கும் முழு வெற்றி இல்லை. சண்டை மட்டும் அடங்கியது.

இந்தியக் கட்டுரைகளில் கையாளப்பட்ட வழி இதைவிடக் கடுமையானது. ஓர் ஊரின் அல்லது ஆளுமையின் பெயரை முன்னுரையில் எந்த இந்திய எழுத்தில் தருவது, பல எழுத்துகள் எனில் எதை முதலில் வைப்பது என்று ஓயாத சச்சரவு இருந்தது. எழுதப்பட்டது பிழையா சரியா என்று பிற மொழியினரால் சரிபார்க்கவும் முடியவில்லை. 2012இல் எட்டப்பட்ட இணக்கம், சில விலக்குகள் நீங்கலாக, எந்த இந்திய எழுத்தும் முன்னுரையில் வேண்டாம் என்பதாகும். மதுரையைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையின் முன்னுரையில் மதுரை என்னும் பெயர் தமிழில் இல்லாதிருப்பதற்குக் காரணம் இதுவே. அனைவரிடமிருந்தும் சமமாகப் பறித்துவிட்டால் எவரும் குறை சொல்ல முடியாது என்னும் தர்க்கம் அது. அமைதி கிடைத்தது உண்மை. அந்த அமைதிக்காக அறிவு ஒரு படி குறைந்ததும் உண்மை.

இதற்கு மாறான முன்மாதிரி ஒன்றும் உண்டு. இலங்கை உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, அப்போர் பற்றிய கட்டுரைகளில் மோதிக்கொண்ட பயனர்கள் சிலர், நல்லிணக்கத்திற்கென ஒரு விக்கித்திட்டத்தைத் தொடங்கினர். எந்தச் சான்று உண்மை என்று தீர்ப்புக் கூறுவதை விடுத்து, சான்றுகளை வகைப்படுத்தும் வழியை அவர்கள் மேற்கொண்டனர். ஒரு தரப்பைச் சார்ந்ததாக அறியப்பட்ட செய்தித்தளத்தை அடியோடு விலக்காமல், இன்ன தரப்பைச் சார்ந்த இன்னார் கூறுவதாவது என்று குறிப்பிட்டு எடுத்தாளலாம் என ஏற்றுக்கொண்டனர். நாட்டில் துப்பாக்கி ஓயாதபோது ஒரு கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் இவ்வளவு இயன்றது சிறிய செய்தியன்று. வரலாற்று மாணவர் முதலாண்டில் கற்கும் சான்று விமர்சனத்தின் அடிப்படைப் பாடத்தை, அவர்கள் சண்டையின் நடுவே தாமே கண்டடைந்தனர்.

இனி விலையைப் பேச வேண்டும். விதிகள் சண்டையைக் குறைத்தன. அதே விதிகள் வாசற்படியையும் உயர்த்தின. ஆரன் ஹாஃபேக்கர் முதலானோர் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆங்கில விக்கிப்பீடியாவில் முனைப்பாகப் பங்களிப்போர் எண்ணிக்கை 2007இல் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் சரிந்தது. தரம் காக்க உருவாக்கப்பட்ட விதிகளும் தானியங்கிக் கருவிகளும் நன்னோக்கோடு வந்த புதியவர்களையும் விரட்டின என்பது அவர்கள் கண்ட காரணம். விதிகளை எழுதியவர்கள் அவற்றை எளிதில் மாற்ற முடிந்தது; பின்னர் வந்தவர்களுக்கு அவை கல்லில் பொறித்த சாசனமாகத் தோன்றின. உள்ளடக்கத்தைப் பற்றித் தீர்ப்பளிக்க எவரும் இல்லாத இடத்தில், சலிக்காமல் வாதிடும் நேரம் உள்ளவரே பல வேளைகளில் வெல்கிறார். நேரம் எல்லோருக்கும் சமமாக வாய்ப்பதில்லை.

சாதி தொடர்பான கட்டுரைகள் இவ்விலையை நன்கு காட்டுகின்றன. தம் சாதியின் பெருமையை உயர்த்தி எழுதும் போட்டி கட்டுக்கடங்காமல் போகவே, 2012இல் தெற்காசியச் சமூகக் குழுக்கள் பற்றிய பக்கங்களுக்குச் சிறப்புத் தடைவிதிகள் கொண்டுவரப்பட்டன. காலனிய கால இனவரைவியல் நூல்களைச் சான்றாக ஏற்பதில்லை என்னும் வழக்கமும் வேரூன்றியது. எட்கர் தர்ஸ்டனை வாசித்தவர்களுக்கு இந்த எச்சரிக்கையின் நியாயம் விளங்கும். ஆனால் அந்த நூல்களை விலக்கியபின், தன்னைப் பற்றி வேறு அச்சு நூல் இல்லாத சமூகம் எங்கே போகும்? அச்சல் பிரபலா 2011இல் முன்னெடுத்த வாய்மொழிச் சான்றுத் திட்டம் இக்கேள்வியைத்தான் எழுப்பியது. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மக்களின் வாய்மொழியை ஒலிப்பதிவு செய்து மேற்கோளாக்க முயன்ற அம்முயற்சி, பொது வழக்கமாக ஏற்கப்படவில்லை. எவர் பேச்சு சான்றாகும் என்பதை நிர்ணயிக்கும் விதி, நடத்தை விதியைப் போல் தோன்றினாலும், உள்ளடக்கத்தின் எல்லையை முன்கூட்டியே வரைந்துவிடுகிறது.

சிறிய சமூகங்களுக்கு வேறொரு சிக்கல். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா தன் பொது விவாதக் களத்திற்கு ஆலமரத்தடி என்று பெயரிட்டுக்கொண்டது. கூகுள் நிறுவனம் ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு இந்திய மொழி விக்கிப்பீடியாக்களில் பெருமளவில் கட்டுரைகளைச் சேர்க்கத் தொடங்கியபோது, தன்னார்வலர்களுக்கும் அத்திட்டத்திற்கும் உரசல் எழுந்தது. மொழிநடை இயந்திரத்தனமாக இருந்தது. தலைப்புகள் தமிழ் வாசகரின் தேவையை ஒட்டியவையாக இல்லை. வங்காள விக்கிப்பீடியர்கள் அத்திட்டத்தை ஏற்க மறுத்தனர். தமிழ் விக்கிப்பீடியர்கள் நிறுவனத்தோடு பேசி நிபந்தனைகளை முன்வைக்கும் வழியைத் தேர்ந்தனர். தம் மதிப்பீட்டை 2010ஆம் ஆண்டு விக்கிமேனியா மாநாட்டில் முன்வைத்தனர். அம்மாநாடு நடந்த ஊர், பெயர்ப் பிணக்கால் அறியப்பட்ட அதே குதான்ஸ்க். ஒரு பெருநிறுவனத்திடம், இது எங்கள் களம், இங்கே எழுதுவோர் எங்கள் முறைக்கு உட்பட வேண்டும் என்று ஒரு சிறு குழு சொல்ல முடிந்ததற்கு, முறை என்று ஒன்று ஏற்கெனவே இருந்ததே காரணம்.

ஆனால் தன்னாட்சி எப்போதும் நன்மையே பயக்கும் என்று கொள்வதும் பிழை. குரோவாசிய விக்கிப்பீடியாவில் 2011 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தீவிர வலதுசாரிச் சாய்வுள்ள ஒரு சிறு நிர்வாகிகள் குழு ஆதிக்கம் செலுத்தியது. மாற்றுக் கருத்துடையோர் தடை செய்யப்பட்டனர். இரண்டாம் உலகப்போர்க் காலக் குற்றங்கள் மழுப்பப்பட்டன. அந்நாட்டின் கல்வி அமைச்சரே 2013இல் மாணவர்கள் அதை நம்ப வேண்டாம் என்று கூற நேர்ந்தது. விக்கிமீடியா அறக்கட்டளையின் விரிவான ஆய்வறிக்கை 2021இல்தான் வந்தது. வெளியிலிருந்து தலையிடத் தாமதித்ததால் விளைந்த கேடு இது. இதற்கு நேர்மாறாக, 2019 ஜூனில் அறக்கட்டளை ஆங்கில விக்கிப்பீடியாவின் நிர்வாகி ஒருவரை, சமூகத்தின் முறைகளைக் கடந்து நேரடியாக ஓராண்டு தடை செய்தபோது, இருபதுக்கும் மேற்பட்ட நிர்வாகிகள் பொறுப்பைத் துறந்தனர். வழக்கு நடுவர் குழுவிடம் வந்தது, தடை நீக்கப்பட்டது, ஆயினும் நிர்வாகப் பொறுப்பு திருப்பித் தரப்படவில்லை. பொத்தான் இன்னும் மேலே ஓரிடத்தில் இருக்கிறது என்பதை அன்று எல்லோரும் நினைவுகூர நேர்ந்தது.

அதற்கும் மேலே அரசின் நீதிமன்றம் இருக்கிறது. 2024 ஜூலையில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம், தன்னைப் பற்றிய கட்டுரை அவதூறானது என்று கூறி 2 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. திருத்தம் செய்த பயனர்களின் அடையாளத்தை வெளியிட வேண்டும் என்னும் கோரிக்கையும் எழுந்தது. அவ்வழக்கைப் பற்றிய தனிக்கட்டுரையை நீக்குமாறு அக்டோபரில் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது; 2025 மே 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. இழப்பீடும் நற்பெயரும் சட்டத்தின் கேள்விகள். அவற்றுக்கான களம் நீதிமன்றமே. ஆனால் புனைபெயரின் மறைவில் எழுதிவந்த ஓர் ஆசிரியரோ மாணவரோ, தம் அடையாளம் வெளிப்படலாம் என்று அஞ்சத் தொடங்கினால், உரையாடல் பக்கத்தில் தம் வாதத்தைச் சான்றோடு முன்வைக்க அவர் வருவாரா? ஆஸ்ட்ரம் கூறிய கடைசிக் கூறு, வெளி அதிகாரம் தன்னாட்சியை மதிக்க வேண்டும் என்பது, நம் நாட்டில் இன்று ஏட்டுக் கேள்வியாக இல்லை.

முப்பது ஆண்டுக் கதையை இப்படித் தொகுத்துப் பார்க்கையில், எந்தக் கட்டத்திலும் பிணக்கு தீர்ந்து போனதாகத் தெரியவில்லை. தீர்ப்பளிக்கும் இடம் மட்டும் ஒரு மனிதரின் விருப்பத்திலிருந்து, எவரும் வாசிக்கக்கூடிய ஒரு பதிவேட்டுக்கு நகர்ந்திருக்கிறது. அந்தப் பதிவேட்டில் வென்றவரின் வாதமும் இருக்கிறது. தோற்றவரின் வாதமும் இருக்கிறது. வாதிடவே வராமல் போனவர்களின் குரல் மட்டும் இல்லை. காப்பகங்களில் பணியாற்றுகிற நமக்கு இது பழகிய குறைதான்.

ஆகவே ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டாதே என்று சொல்லும் அதே வகுப்பில், ஒரு கட்டுரையின் உரையாடல் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். இங்கே எவர் எதற்காகச் சண்டையிட்டார், எந்த விதியின் பேரில் அடங்கினார், எந்தச் சான்று ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது என்று மாணவர்களை எழுதிவரச் சொல்லுங்கள். ஒரு பருவத்திற்கு அது போதுமான பயிற்சி.